கற்பூரம் அணைந்ததும் கிளம்பாத வேன்

கார்பரேட்டர் பார்க்கிற தொழில் என்பது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காதால் தேடுகிற தொழில்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற அந்தச் சாமானே இப்போது வருகிற வண்டிகளில் கிடையாது. ஆனாலும் பழைய பெட்ரோல் வண்டியை விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டு, நடு ஏற்றத்தில் மூடியைத் திறந்துபோட்டு, போகிறவர் வருகிறவர் யோசனையையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான். நான் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, நாலாம் கிளாசோடு நின்று, மறையூரில் மெக்கானிக் ஷெட் போட்டவன். என் வாழ்நாளில் எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன். மலைக்க வைத்தது ஒரே ஒரு வேன்.

நடுவில் ஒரு அடுப்பு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சின்னச்சாமியின் வேன் அது. எனக்குத் தலைமுடி கறுப்பாக இருந்தபோதே அது பழைய வண்டி. என்ஜின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரயாணம் போகிற மாதிரி. பக்கத்து சீட்டில் எப்போதும் அவர் சம்சாரம் ரங்கம்மாதான். காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு, விசிறியால் அந்தப் பெட்டிக்கும் சேர்த்து வீசிக்கொண்டு வருவார்.

அவர்களுடைய மகனுக்கு மறையூரில் பெண் எடுத்தார்கள். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிற குடும்பத்துப் பெண், கோமதி. அதற்குப் பிறகுதான் சமவெளியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த வேன் மலையேறத் தொடங்கியது. முதல் தடவை என் ஷெட்டுக்கு வந்தபோது, "இத வித்துட்டுப் புதுசு வாங்கலாமே ஐயா" என்று கேட்டேன். சின்னச்சாமி வேனைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "எங்கூட்டுல எம்பேச்சக் கேக்கறது இது ஒண்ணுதானுங்க மேஸ்திரி."

அம்மன் வளைவு

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு தாண்டி மறையூருக்கு ஏறுகிற ரோட்டில், என் ஷெட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில், ஒரு வளைவில் அம்மன் கல் ஒன்று இருக்கிறது. பஸ்காரர்கள் காசை வீசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் குடும்பத்தோடு வருகிற சொந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, கற்பூரம் ஏற்றி, அது தானாக அணைகிறவரை கைகூப்பி நின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அம்மன் முன்னால் என்ஜினை உறும விடுவது மரியாதை இல்லை.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது, கற்பூரம் அணைந்தது, வேன் கிளம்பவில்லை. பஸ் டிரைவர் வந்து எனக்குத் தகவல் சொன்னார். நான் பைக்கில் போய்ப் பெட்டியைத் திறந்து காதை வைத்தேன். என்னத்தைச் சொல்ல! தீ கிடையாது, என்ஜின் ஓடவில்லை. ஆனால் கார்பரேட்டருக்குள்ளே பெட்ரோல் சோறு கொதிக்கிற மாதிரி குளுகுளுவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கற்பூரத் தட்டைத் தூரமாகக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ஈரத்துணி போட்டு ஆறவைத்து அனுப்பினேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கோமதியைக் கூட்டி வந்தார்கள். அதே வளைவு, அதே கொதிப்பு. ஏற்றத்துச் சூடு என்று நினைத்து நான் பிளக்கை மாற்றினேன், காற்றைக் கூட்டினேன், பெட்ரோலைக் குறைத்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ரங்கம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க மேஸ்திரி, தோப்புல இருந்து காய் ஏத்திட்டுப் போறப்ப ஒரு நாளும் நின்னதில்லீங்களே, இந்தப் புள்ள ஏறுனா மட்டும் எப்படீங்க?"

இறங்கி நடந்தாள்

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுவிட வேண்டும். உச்சி வெயிலில் வந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வேன் அம்மன் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கோமதி பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். நான் பெட்டியைத் திறக்கப் போனேன். ரங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு மருமகளிடம் திரும்பினார். "அம்மிணி, நீ எறங்கிக் கொஞ்ச தூரம் நட. கெளம்புதான்னு பாப்போம்."

 அந்தப் பெண் இறங்கி, செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏற்றத்தில் நடந்தாள். வளைவில் அவள் புடவை மறைந்தது. காற்று வீசிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று சின்னச்சாமி தயங்கித் தயங்கிச் சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பில் கிளம்பியது.

 பெட்ரோல் ஆறியிருக்கும் என்று புத்தி சொல்கிறது. ஆனாலும் கை தானாக அம்மனைக் கும்பிடுகிறது. மேலே போய்க் கோமதியை ஏற்றிக்கொண்டபோது அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவளை ஆலையில் இறக்கிவிட்டு வேனை என் ஷெட்டில் நிறுத்தினார்கள். ரங்கம்மா அதில் மறுபடி ஏறமாட்டேன் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். போகிற போக்கில் புருஷனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஆவணி பொறந்தா ஆரு வந்து கூட்டியாரப் போறாங்கன்னு பாக்கறேன்."

கொப்பரை

மறுநாள் ஷெட் வேலைக்குக் காலி எண்ணெய் டின் கேட்டுக் கரும்பாலைக்குப் போனேன். கோமதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாகு காய்ச்சுகிற கொப்பரை பக்கத்தில் நின்றாள். அவள் அப்பா அடுப்பிலிருந்து தீயை வெளியே இழுத்துப்போட்டார். தீ போனதும் பாகு அடங்கும் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதுவோ குப்பென்று விளிம்புவரை பொங்கி வந்தது. கோமதி ஒரு கை விளக்கெண்ணெயைத் தெளித்து அடக்கினாள்.

"தீதான் இல்லையேம்மா, பிறகு ஏன் பொங்குது?" என்று கேட்டேன். அவள் அடுப்புச் செங்கல்லைக் காட்டினாள். "இதுல இருக்கிற சூடு எங்க போகும்? மேலதான ஏறும்" என்றாள். பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே அசையாமல் நின்றாள். அவள் யோசிக்கிறது எனக்குத் தெரிந்தது. மெதுவாகக் கேட்டாள்: "மாமா, வண்டிய அணைச்சா என்ஜினுக்கு வீசுற அந்தக் காத்தாடியும் நின்னுருமில்ல?"

பலகையும் தகரமும்

அந்த ஒரு கேள்விதான். ஓடுகிறவரை காத்தாடி வீசும், புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், கார்பரேட்டர் குளிர்ச்சியாக இருக்கும். அணைத்தால்தான் இரும்பில் கிடக்கிற சூடெல்லாம் மேலே ஏறும். நான் ஏற்றத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு ஏற்றத்தில் இல்லை, கற்பூரம் எரிகிற அந்த நேரத்தில் இருக்கிறது! தேங்காய் ஏற்றிப் போகும்போது விடிகாலையில் கிளம்பி நடுவில் எங்கேயும் அணைக்காமல் போவார்கள். கோமதி வருகிறபோதுதான் சாப்பிட்டுவிட்டு உச்சி வெயிலில் மலையேறி, சாமி கும்பிட நிற்பார்கள்.

பழைய ஸ்விட்ச் போர்டிலிருந்து பேக்கலைட் பலகையை அறுத்து, கார்பரேட்டருக்கு அடியில் மணை மாதிரி வைத்தேன். சூடு அதைத் தாண்டி எளிதில் ஏறாது. எண்ணெய் டின்னை வெட்டி, சைலன்சர் குழாய்க்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் மறைப்பு கட்டினேன். பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோனேன். பெட்டியின் பக்கத்தில் காற்று வாங்கத் துளை போட்டேன்.

ஆவணி பிறந்ததும் சின்னச்சாமிக்கு போன் பண்ணி, உடுமலைக்கு வேனைக் கொண்டுவருகிறேன், ரங்கம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றேன். எப்படியோ கூட்டி வந்துவிட்டார். பின் சீட்டில் கோமதியைப் பார்த்ததும் ரங்கம்மா முகம் சுருங்கியது. அவளை வரவேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். "நான் இல்லாம கிளம்பி என்ன பிரயோஜனம் மாமா" என்று ஏறிக்கொண்டவள் அவள்.

அதே உச்சி வெயிலில் எல்லோருமாக மலையேறினோம். அம்மன் வளைவில் என்ஜினை அணைத்தோம். கற்பூரம் அன்றைக்கென்று நின்று எரிந்தது. கோமதி சீட்டைவிட்டு இறங்கவில்லை, உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் காதைப் பெட்டியில் வைத்தேன். கொதிக்கிற சத்தம் இல்லை. கற்பூரம் அணைந்தது. சின்னச்சாமி சாவியைத் திருப்பினார்.

கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரங்கம்மா ரோட்டில் நின்றபடியே வேனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து ஒரு கையால் கோமதியின் பையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "அம்மிணி, நீ முன்னால போயி உக்காரு. பின்னால ஆட்டமா இருக்கும்."

தேவிகுளத்துப் பனி

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மார்கழியில் தேவிகுளம் தாலுக்காபீசில் சின்னச்சாமிக்கு ஒரு வேலை. மறையூரில் தங்கி விடிகாலையிலேயே கிளம்பினார்கள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு முன்னால் உட்காரவைத்தார்கள், மாமியாரும் மருமகளும் பின் சீட்டில். மூணாறு தாண்டினோம். தேயிலைக் காட்டில் ஒரே மூட்டம். வேன் இருமியது, தடுமாறியது, நின்றுவிட்டது.

பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை தூரம் ஓடிவந்த என்ஜின், கை வைத்தால் சுடுகிறது. அதன் தலைமேல் கார்பரேட்டர் வெள்ளை வெளேரென்று பனி பூத்து உட்கார்ந்திருக்கிறது! நகத்தால் சுரண்டினால் ஐஸ். ஆவியாகிற பெட்ரோல், சுற்றி இருக்கிற சூட்டையெல்லாம் தின்றுவிடும். ஈரக்காற்று உள்ளே போய் உறைந்துவிட்டது. ஆற்ற வேண்டும் என்று நான் கட்டின மறைப்பு, கொஞ்சம் கதகதப்புக்கூட அண்டாமல் செய்திருக்கிறது. சின்னாற்று ரோட்டில் கொதிக்கிறதும் இதுதான், தேவிகுளத்தில் உறைகிறதும் இதுதான். உள்ளங்கை அகலத்துக்குள் ரெண்டு ஊர்ச் சீதோஷ்ணத்தையும் வைத்திருக்கிற இந்தச் சாமானைக் கும்பிடுவதா, திட்டுவதா?

கொஞ்சம் பொறுத்தால் என்ஜின் சூட்டிலேயே இளகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரங்கம்மா புருஷனைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க எறங்கிக் கொஞ்ச தூரம் நடங்க. கெளம்புதான்னு பாப்போம்."

சின்னச்சாமி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு மூட்டத்துக்குள் நடந்து மறைந்தார். நான் கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. ரங்கம்மா சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது. சிரித்துக்கொண்டே மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையை அப்புறம் விடவே இல்லை. வளைவில் நடுங்கிக்கொண்டு நின்ற மனுஷன் பக்கத்தில் வேனை நிறுத்தினேன். கோமதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்: "ஏறுங்க மாமா, உங்க ராசிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, மார்கழிக்குத் தகரத்த மட்டும் கழட்டணும்."

இப்போதும் அந்த வேனுக்கு நான்தான் கோடைக்குத் தகரம் மாட்டிக் குளிருக்குக் கழற்றுகிறேன், ரங்கம்மா மருமகளை முன்னால் விட்டுப் பின் சீட்டில்தான் வருகிறார், தன் பேச்சைக் கேட்கிறது அது ஒன்றுதான் என்று மட்டும் சின்னச்சாமி இப்போது சொல்வதில்லை.