இறந்த பிறகும் வரைந்தவர்

லோரி அண்ணன் முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மழையில் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த புத்தகம் மட்டும் நனையவில்லை. நாற்பதைத் தாண்டிய ஆள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுபவர். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்கவே இல்லை.

"தங்கச்சி, இந்த புக் போடுற எடம் இதுதானா?" என்றார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சிறிய பதிப்பகத்தில் வேலை பார்த்துவந்தேன். ஜப்பானிய மங்கா படக்கதைகளை மலாயில் வெளியிடுவது எங்கள் தொழில். பக்கங்களின் நகல் ஜப்பானிலிருந்து வரும். பேச்சுக் குமிழ்களில் இருக்கும் ஜப்பானிய எழுத்தை வெள்ளை மையால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் மலாய் வசனத்தை வெட்டி ஒட்டுவேன். அண்ணன் கொண்டுவந்திருந்தது நான் மூன்று வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த தொடர். காணாமல்போன தம்பியைத் தேடித் தீவு தீவாகப் படகோட்டிப் போகும் ஒருத்தியின் கதை.

"இத வரையிறவரு நோய் வந்து செத்துட்டாருன்னு சீன பேப்பர்ல போட்டிருக்காம். கோப்பிக் கடை தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, படிச்சுச் சொன்னாரு. ஆனா போன வாரந்தான் புது புக் வந்திருக்கு. செத்தவரு எப்படி தங்கச்சி வரைவாரு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஓவியர் வயிற்றுப் புற்றுநோயில் இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. ஜப்பானில் வந்த பாகங்கள் எங்களிடம் தாமதமாகத்தான் வெளிவரும். மாதத்துக்கு ஒன்றாகப் போட இன்னும் நான்கு பாகங்கள் கையில் இருந்தன. இறப்புச் செய்தியோடு தொலைநகல் வந்த அன்றே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு. கதை முடியாமலே நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா எவன் லா வாங்குவான்?" என்று சொல்லியிருந்தார்.

"தெரியாதுண்ணே" என்றேன்.

அண்ணன் நகரவில்லை. "சரி, அந்தப் பொண்ணு தம்பியக் கண்டுபிடிச்சிருவாளா? அதையாவது சொல்லு." பிறகு ஏதோ வேறு விஷயம் பேசுகிறவர்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டே, தன் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாக ஒரு தகவலும் இல்லை என்றார்.

"கண்டுபிடிச்சிருவாண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன்? கடைசிப் பாகம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அதில் கதை முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யாரோ எங்கள் மாடிப்படிக் கதவில், சீனர்கள் துக்கத்துக்கு வைக்கும் வெள்ளைச் செவ்வந்திக் கொத்தைச் செருகிவிட்டுப் போனார்கள். அம்பாங்கிலிருந்து ஒரு மலாய்ப் பெண் தொலைபேசியில் அழைத்து, வேற்று மதத்தவருக்காகத் தான் பிரார்த்திக்கலாமா என்று கேட்டாள். இன்னொருவர் புதுப் பாகத்தை நேரில் கொண்டுவந்து காட்டி, இதுவே ஓவியர் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி என்று வாதாடினார். உண்மை தெரிந்த நானே தடுமாறினேன். காலையில் மேசையில் பக்கங்களை விரித்தால், அலையும் படகும் நேற்று வரைந்தவைபோல் துள்ளும். தொலைநகலில்தான் ஏதோ பிழை என்று தோன்றும். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது. "யாருடி செத்தது?" என்று அம்மா பதறினார். முகம்கூடத் தெரியாத ஒருவரை யாரென்று சொல்வது?

அடுத்த மாதம் அண்ணன் மறுபடி வந்தார். கோயிலில் ஓவியருக்காக மோட்ச தீபம் ஏற்றியிருந்தார்.

"ஐயரு பேரு கேட்டாரு, சொன்னேன். ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டாரு. முழிச்சேன் தங்கச்சி."

நானும் முழித்தேன். அட்டையில் இருந்தது ஒரு புனைபெயர். மலாயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'டியா' என்ற ஒரே சொல்தான். தமிழில் 'அவர்' என்று சொல்லிச் சமாளித்திருக்கிறோம். மூன்று வருடமாக அந்தக் கையோடு சேர்ந்து வேலை செய்தும் எனக்கு இதுகூடத் தெரியவில்லை.

"செத்துட்டாருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாண்ணே?"

"தெரியல. உசுரோட இருந்தா ஒரு வெளக்கு என்ன செஞ்சிரப் போவுது லா?"

இறுதிப் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் மை இல்லை, வெறும் பென்சில் கோடுகள். படகு ஒரு கரையைத் தொடுகிறது. கரையில் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு முகம் வரையப்படவில்லை. தலைக்கு மேல் ஒரு பேச்சுக் குமிழ், அதற்குள் ஒன்றுமில்லை. "அக்கான்னு மலாய்ல ஒரு வார்த்தை ஒட்டிரு, கதை முடிஞ்சிரும்" என்றார் முதலாளி. அந்தச் சொல்லை வெட்டிக் கையில் வைத்திருந்தேன். ஒட்டினால் நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும். பசை காய்ந்ததுதான் மிச்சம். குமிழை வெறுமையாகவே அச்சுக்கு அனுப்பினேன். அதற்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஓர் ஓவியர் இறந்தால் மறுநிமிடமே எல்லார் தொலைபேசியிலும் செய்தி வந்துவிடுகிறது. உலகமே சேர்ந்து அழுகிறது. நான் சொன்னது போன்ற பொய்க்கு அங்கே இடமில்லை. அது நல்லதுதானா என்று எனக்குத் தெளிவாகவில்லை.

புத்தகம் வெளிவந்த வாரமே அண்ணன் வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"இதுல ஒட்ட மறந்துட்டியா?"

"இல்லண்ணே. அவரு எழுதவே இல்ல. எழுதறதுக்குள்ள போயிட்டாரு."

"அப்ப அன்னிக்கி நீ சொன்னது?"

"பொய்ண்ணே."

அவர் அந்த முகமற்ற மனிதன்மேல் விரலை வைத்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"நாலு மாசம் நிம்மதியா லோரி ஓட்டுனேன், தங்கச்சி."

அது நன்றியா, குற்றச்சாட்டா என்று அப்போதே கேட்டிருக்கலாம். நான் எழுந்து படிக்கட்டுவரை போவதற்குள், கீழே லோரி கிளம்பும் சத்தம் கேட்டது.