பின்சீட்டு இடத்தில் ஒரு எஞ்சின்

அப்பாவின் 'கஞ்சில்' என்ற பழைய குட்டிக் காருக்கு இன்னொரு எஞ்சின் தேடி, இன்று கிள்ளானில் ஒரு பழைய ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"பழைய எஞ்சின் போயிருச்சா, தங்கச்சி?" என்றார் கடைக்கார அண்ணன்.

"இல்லண்ணே, அது நல்லா ஓடுது. இது பின்னால வைக்க."

கடையே சிரித்தது.

"அப்ப பின்சீட்டு ஆளுங்கள கூரையில கட்டுவியா? யாரு செய்யப் போறா, பாய்ஃபிரெண்டா?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் வெளியே வந்துவிடுவேன். இன்று நகரவில்லை.

"நான்தாண்ணே. கியர்பாக்ஸோட வேணும், முன்னால உள்ள அதே டைப். மாறினா முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம்னு இழுக்கும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ரோட்டுல விடமாட்டாங்க லா."

"ரோட்டுக்கு இல்லண்ணே. ஜெஞ்சாரோம்ல மாமாவோட செம்பனைத் தோட்டத்துச் சேத்துக்கு. அங்க நாலு சக்கரமும் இழுக்கணும்."

அவர் எஞ்சினை லோரியில் ஏற்றச் சொன்னார்.

"ஸ்டார்ட் ஆனா கூப்பிடு. முன்சீட்டு எனக்கு."

இப்போது அது எங்கள் வீட்டு முன்கொட்டகையில் இருக்கிறது. அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு காருக்கு இரண்டு எஞ்சின் என்றால் பூசைக்குத் தேங்காய் ஒன்றா இரண்டா என்று கேட்கிறார்.

நான் படித்த இஞ்சினியரிங்கில் இது வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.