கேன் தண்ணீர் குடித்த குஞ்சுகள்

என் நாத்தனாருக்குச் சுத்தம் ஒரு வியாதி. கணவர் போன பிறகு மணலி புதுநகரில் எங்களோடு வந்து தங்கியவள், பேச்சைக் குறைத்துக்கொண்டு துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். கம்பெனிப் புகை படிந்த ஜன்னல் கம்பியைக்கூட விடமாட்டாள்.

எதிலாவது மனசு போகட்டும் என்று மாத்தூரிலிருந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் பல்பு போட்டு வளர்த்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அதற்குள் குஞ்சுகள் தண்ணீராகக் கழிய ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

"நான் தொட்டது எதுவும் தங்காது அண்ணி. மீதியையாவது நீ பாத்துக்கோ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை; புருஷன் சாவுக்கு இவள் ராசியே காரணம் என்று பேசி அனுப்பிய அவள் புகுந்த வீட்டார் மேல்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஒரு பொடி கொடுத்தார். தயிரில் இருப்பது மாதிரி நல்ல பாக்டீரியாவாம்.

"தாய்க்கோழி கூட இருந்தா அதுகிட்டேருந்தே குஞ்சு வயித்துக்குப் போயிடும். மெஷின்ல பொரிஞ்ச குஞ்சுக்கு அது இல்ல, பாவம். கெட்ட கிருமி வர்றதுக்கு முன்னாடி இது போய் இடத்தைப் பிடிச்சுக்கும். தண்ணியில கலந்து வைங்க."

கலந்து வைத்தும் மேலும் சில செத்தன. நாத்தனார் மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

"எந்தத் தண்ணியில கலந்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"லாரித் தண்ணிதான்மா. அவங்க போட்டதுக்கு மேல நானும் பிளீச்சிங் பவுடர் போட்டு வெச்சேன். சுத்தமா கீது," என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பிளீச்சிங் நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பார்க்காதும்மா. குஞ்சு குடிக்கிறதுக்கு முன்னாடியே பொடியில இருந்தது செத்துருக்கும். உன் மேல தப்பில்ல. நான்தான் சொல்லியிருக்கணும்."

அன்றிலிருந்து குஞ்சுகளுக்கும் பிளீச்சிங் இல்லாத கேன் தண்ணீர்தான்; பொடியையும் அதில்தான் கலந்தோம். "கோயிக்கு கேன் தண்ணியா? இன்னா வாழ்வு பாரு!" என்றார் என் வீட்டுக்காரர். தங்கை முறைத்ததும், வாயை மூடிக்கொண்டு ஒரு கேனைத் தோளில் தூக்கிப்போய் மாடியில் வைத்தார்.

சில நாள் கழித்து, காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் தடதடவென்று படியிறங்கி வந்து, கிழிந்த பேப்பர் ஒன்றை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதன்மேல் கோழி எச்சம்.

"பாரு அண்ணி! கெட்டியா போட்டுக்கீது! எல்லாமே!"

அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. கல்லில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுகூட சாவல அண்ணி," என்றாள்.