‘ம்’முக்கு ஒரு சப்டைட்டில்

அந்தப் படத்தில் நானும் நடித்திருக்கிறேன். நடித்தேன் என்பது கொஞ்சம் ஓவர். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மாடி வீட்டுப் பெண், இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிப் பரிசோதனைப் படம் எடுப்பதாகச் சொல்லி, கேமராவோடு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க எப்பவும் போல இருங்க ஆன்ட்டி, ஆக்ட் பண்ண வேணாம்” என்றாள். ஊரிலிருந்து அம்மாவின் மிஸ்டு கால் வந்தது. திருப்பிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினேன்.

அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியாது. மிஸ்டு கால் ஒன்றுதான் தெரியும். அம்மா இறந்துபோன பிறகு என் போனைக் குடைந்து பார்த்தேன். போட்டோ கொட்டிக் கிடந்தது, குரல் எங்கேயும் இல்லை. இருந்தது அந்தப் பெண்ணின் படத்தில் மட்டும்தான். கேட்டபோதெல்லாம், “எடிட்டிங் போகுது ஆன்ட்டி, ஸ்கிரீனிங்ல பாருங்க” என்றாள். சரி என்று பொறுத்துக்கொண்டேன்.

பிஸ்கட்டவே என்கிற ஊர்ப் பக்கம் ஒரு நூலகத்து ஹாலில் படத்தைப் போட்டார்கள். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம். வாசலில் செருப்புகள். மறுபடியும் செருப்புகள். ஒருவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார், பஸ் கடைசிவரை வரவில்லை. எனக்குப் பின்னால் ஒரு அங்கிள் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அவர் மேல் பொறாமையாக இருந்தது.

பிறகு என் சமையலறை வந்தது. திரையில் என் முதுகு. “சொல்லுங்கம்மா” என்கிறேன். பதிலுக்கு ஒன்றுமில்லை. “ம்” என்கிறேன். மறுபடியும் ஒன்றுமில்லை. “ம்.” அம்மா பேசியதை அந்தப் பெண் மொத்தமாகத் துடைத்து எடுத்திருந்தாள். ஒவ்வொரு ‘ம்’முக்கும் கீழே ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று சப்டைட்டில்.

யெஸ்ஸாம். முதல் ‘ம்’, பக்கத்து வீட்டுக்காரி மேல் அம்மாவுக்கு இருந்த கடுப்புக்கு. அடுத்தது மாத்திரை விஷயம். கடைசி ‘ம்’, “இந்த லீவுக்காச்சும் வருவியா கண்ணு?” என்று கேட்டதற்கு. கிரீன் கார்டு இழுத்துக்கொண்டிருந்த, நாட்டைவிட்டு நகர முடியாத நேரம் அது. வர முடியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். அம்மா அதைப் புரிந்துகொண்டு, உடனே பேச்சை மாற்றினாள்.

விளக்கு போட்டதும் ஒருவர் எழுந்து, அந்த மௌனம் அபாரம் என்று பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமோசா மேசையருகே அந்தப் பெண்ணைப் பிடித்தேன்.

“எங்கம்மா வாய்ஸ் எங்கேம்மா?”

“அவங்க உங்க பக்கத்துல இல்லாததை ஆடியன்ஸ் ஃபீல் பண்ணணும்னு கட் பண்ணிட்டேன் ஆன்ட்டி.”

“அப்ப எடுத்த ஆடியோ இருக்குமில்ல?”

அவள் முகம் மாறியது. “ஐயோ, ஸ்பேஸ் இல்லைன்னு ஒரிஜினல்ஸ் எல்லாம் டெலீட் பண்ணிட்டேன். ஸாரி ஆன்ட்டி, எனக்குத் தெரியாது.”

சின்னப் பெண். அவளுக்கு எப்படித் தெரியும், அந்தக் குரல் வேறெங்கும் இல்லை என்று நானும் சொல்லவில்லையே. திட்டக்கூடத் தெம்பில்லை. ஒரு சமோசாவை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

கூட்டிப் போக வந்திருந்த கணவர் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கேட்டார்.

“அத்தை குரல் கேட்டுச்சா?”

“ம்” என்றேன்.

ரிவர்ஸ் எடுக்கப் போனவர் அப்படியே நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

“கேக்கலையா?” என்றார்.