சாச்சியைப் படம் பிடிக்க வந்தவர்கள்

சாச்சியின் முந்தானையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சுக்குள் பச்சரிசி. என் அம்மாவின் தங்கை அவர்; அவர் கணவர் சாச்சாவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் அரிசிக்கடை. பேச்சுக்கு நடுவே விரல் தானாக முடிச்சை அவிழ்க்கும், நாலைந்து அரிசி வாய்க்குள் போகும், நறநறவென்று சத்தம் கேட்கும். 'பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்' என்று சின்ன வயதில் பயமுறுத்தினார்களாம். கொட்டத்தான் செய்தது. "கொச்சியில எவ கல்யாணத்துலடி மழை பெய்யல?" என்பார்.

ரத்தம் ரொம்பக் குறைந்துபோனபோது டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார், பச்சரிசி மெல்லுவதை விட்டே ஆகணும் என்று. சாச்சி விட்டார். லேசில் இல்லை. அரிசி களையும் வேலையை மருமகளிடம் கொடுத்தார், கடைப்பக்கமே போகவில்லை, எந்நேரமும் வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு திரிந்தார். எங்களுக்கெல்லாம் அத்தனை பெருமை.

அந்த நேரம் பார்த்துத்தான் டி.வி.க்காரர்கள் வந்தார்கள். விசித்திரமான பழக்கங்களை விடமுடியாதவர்களைக் காட்டுகிற ரியாலிட்டி ஷோ. சாச்சியின் மகன் எப்போதோ விளையாட்டாக அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் ஊரின் மறுகோடியில் இருக்கும் காக்கநாட்டிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சாச்சிக்கு ஒரே சந்தோஷம். "விட்டுட்டேன்னு சொல்றேன், நாலு பேருக்கு உதவுமே" என்று பெருநாள் புடவையை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் அதற்கா வந்தார்கள்? விட்ட கதையை யார் பார்ப்பார்கள்? டைரக்டர் ஒரு தாம்பாளம் நிறையப் பச்சரிசியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "இத்தா, கேமராவுக்காக ஒரே ஒரு பிடி" என்று சொந்த அக்காவிடம் கேட்பது போலக் கேட்டார். எனக்கோ, எடுத்துட்டுப் போய்யா என்று வாய் வரைக்கும் வந்தது.

சாச்சி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நெய் மணம் வந்தது. கடைசியில் ஆவி பறக்க நெய்ச்சோறே வந்துவிட்டது. "தின்னறதைத்தானே பாக்கணும்? நீங்க தின்னுங்க மக்களே, நான் பாக்கறேன்." கேமராக்காரர்தான் முதலில் சிரித்தார். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சாச்சியின் படம் டி.வி.யில் வரவே இல்லை.

இன்றும் அந்த மாதிரி நிகழ்ச்சிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. யாராவது ஒரு பெண் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நானோ, அவளை அந்தச் சுவர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது யார் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

நெய்ச்சோற்றுக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் குடும்பமே சிரிக்கும். 'என்னா சாமர்த்தியம் பாரு' என்பார்கள். அன்று வண்டி கிளம்பியதும் சாச்சி அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டதை நான் ஒருத்திதான் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமர்த்தியமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. வேகாத அரிசிதான் என்னைக் கூப்பிடும். இன்னும் கொஞ்ச நேரம் அது என் முன்னால இருந்திருந்தா, அத்தனை பேர் பாக்க அள்ளித் தின்னிருப்பேன். அதான் வேக வச்சுட்டேன்."