மாம்பழச்சாலையில் நின்ற குரல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதப் பிற்பகல். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் உட்கார்ந்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் பதிவு செய்துகொண்டிருந்தேன். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. கம்ப்யூட்டரிலேயே ரெக்கார்டர் இருக்கிறது. திரையில் நடப்பதும் நம் குரலும் வீடியோவாகிவிடும்.

ஜன்னலோரம் என் கணவர். டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் குரல் கொடுத்தால் தூங்குகிறவரும் எழுந்து இறங்குவார். பக்கவாதம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. பேசிப் பழகினால் வரும் என்றார் டாக்டர். இவரோ என் முன்னால் வாயையே திறக்க மாட்டார். அன்று காலையில்தான் பொறுக்க முடியாமல் கத்தியிருந்தேன்: "முயற்சியே பண்ணாம உக்காந்திருந்தா நான் என்னதாங்க செய்யறது?"

பாடத்தின் நடுவில் கீழ் வீட்டுப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, டேங்க் வழியுதுங்க!" ரெக்கார்டரை நிறுத்தாமலேயே ஓடினேன். மோட்டாரை அணைத்துவிட்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், காவிரிக் காற்றில் அப்படியே நின்றுவிட்டேன்.

மாலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தேன். பாதியில் விட்ட சமன்பாடு, அசையாத அம்புக்குறி, எங்கோ காலண்டர் படபடக்கும் சத்தம். அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல்.

"ஜங்...ஷன். பா...லக்...கரை. சத்...திரம். மா...ம்... மா..."

அவருடைய பழைய பஸ் ரூட்டின் நிறுத்தங்கள். நின்றது. மறுபடி ஜங்ஷனிலிருந்து. மறுபடி மாம்பழச்சாலையில் தடுக்கல். ஐயோ, எத்தனை முறை! வெறும் திரையைப் பார்த்தபடி நானும் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாலம் வந்தது, கீழே ஆறு வெயிலில் மினுங்கியது. "மாம்...பழச்...சாலை" என்று ஒருவழியாக முழுசாக வந்தபோது, அவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீடியோவில் அடுத்து என் செருப்புச் சத்தம். உடனே குரல் நின்றுபோனது.

அவரிடம் எதையும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து, துணி காய்ந்ததோ இல்லையோ, மூன்று மணியானால் மாடிக்குப் போய்விடுவேன். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு, இறங்கி வந்த என்னை நிமிர்ந்து பார்த்து, "ஸ்ரீ...ரங்கம். எறங்...குங்க" என்றார்.

இப்போது நன்றாகவே பேசுகிறார், சண்டையும் போடுகிறார். ஆனால் யாராவது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அவர்கள் முயற்சியே பண்ணவில்லை என்று சொல்ல எனக்கு இன்றுவரை நா எழுவதில்லை.