ஜெஸ்ஸி கேட்ட அவசரம்

எங்கள் சபையில் தமிழ்ப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கண்ணைத் திறந்தால், பாடுகிற பிள்ளைகளின் கையிலுள்ள காகிதத்தில் எல்லாம் மலையாள எழுத்து. கொச்சியில், கொச்சங்காடித் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் கூடும் தமிழ்ச் சபை இது. பாதி ஜெபம், பாதி தும்மல். கீழே அந்தக் கிடங்கில்தான் இருபது வருடமாக எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மாடியேறினால் மட்டும் நான் பெரிய தமிழ்ப் புலவன். தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே அவ்வளவு குறைவு.

அதனால்தான் மாட்டிக்கொண்டேன். மலேசியாவில் ஒரு தமிழ்ச் சபை, எங்கள் வாலிபத் தலைவர்கள் நான்கு பேரைப் பத்து நாள் ஊழியத்துக்கு அழைத்திருந்தது. அவர்களுக்குத் தமிழில் பேசப் பயிற்சி கொடுக்கும்படி போதகர் என்னிடம் சொன்னார். என் சொந்த ஊரான தூத்துக்குடியில் எனக்கு யாரும் அப்படிப் பயிற்சி கொடுத்ததில்லை. ஓய்வுநாள் பள்ளியில் வசனத்தை மறந்தால் காதைத் திருகுவார்கள், அவ்வளவுதான். இங்கே காதைத் திருகினால் பெற்றோர் படியேறி வந்துவிடுவார்கள் என்பதால் மூன்று வாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். மேடையில் பேசுகிறேன் என்பதற்கு மலையாளத்தில் போல 'சம்சாரிக்கிறேன்' என்று சொல்லாதீர்கள், தமிழில் சம்சாரம் என்றால் மனைவி என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நால்வரில் கெட்டிக்காரி ஜெஸ்ஸி. அப்பாவுக்குத் தோப்பும்படி மீன்துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. அவளுக்குப் பிரசங்கம் செய்ய ஆசை. எங்கள் சபையில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் பூ அலங்காரமும்தான் கிடைக்கும். மலேசியாவிலாவது மேடை கிடைக்கும் என்று நம்பினாள். யார் பிரசங்கிப்பது என்று அந்தச் சபையின் போதகர் ஐயா வீடியோ காலில் பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு.

அந்தக் கால் வந்த அன்று ஜெஸ்ஸி எழுந்து நின்று, வியர்த்த முகத்தோடு கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னாள்: "ஐயா, எனக்கு ஒரு அவசரம்..."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. 'தரணும்' என்று அவள் முடிப்பதற்குள் ஐயா இரக்கத்தோடு, "போயிட்டு வாம்மா. நாங்க காத்திருக்கோம்" என்றார்.

மலேசியாவுக்கே வரச் சொல்லிவிட்டார் என்று அவள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். ஐயா நிஜமாகவே காத்திருந்தார், பாவம். அவள் எங்கே போனாள் என்று எங்களுக்கும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இணைப்பும் போய்விட்டது. மறுநாள் செய்தி வந்தது: வயிறு சரியில்லாத பிள்ளையை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம், அவளுக்குப் பதில் வேறொருவரை அனுப்புங்கள்.

ஜெஸ்ஸி கிடங்குக்கே வந்து மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். "ஞான் என்ன தப்பு பறஞ்சேன் அங்கிள்?" என்று கேட்டாள். தப்பு என்னுடையது. சம்சாரத்தைப் பிடித்த நான் அவசரத்தைக் கோட்டைவிட்டேன். அவள் பேசியபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல் என் காதில் கொஞ்சம்கூட இடறவில்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

அவளை நிற்கவைத்துக்கொண்டே ஐயாவுக்குப் போன் போட்டேன். பிள்ளைக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, மேடையேறத்தான் கேட்டாள் என்று விளக்கினேன். "எங்க மலையாளத்துல அவசரம்னா வாய்ப்புங்க ஐயா" என்றேன்.

அவர் மூச்சு வாங்கச் சிரித்தார். "அப்ப அந்தப் பொண்ணே பேசட்டும். ஆனா ஒண்ணு, மலையாளியா இருந்தும் நீங்க தமிழ் இவ்வளவு சுத்தமாப் பேசுறீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக இந்தத் தெருவில் என் பெயரே தமிழன்தான். நான் தூத்துக்குடிக்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே ஜெஸ்ஸி கண்ணைக்கூடத் துடைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, மேடை கிடைத்த செய்தியை அவளிடம் சொன்னேன்:

"கிட்டி, மோளே."